ஊர் எதன் மேல் வளர்ந்தது? செயற்கைக்கோள் படங்களால் நகர விரிவை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரையுள்ள தென்சென்னையின் பழைய செயற்கைக்கோள் படம் ஒன்றையும் இன்றைய படம் ஒன்றையும் அருகருகே வைத்தால், நகரம் வளர்ந்திருப்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அதற்கு வழிகாட்டி வேண்டியதில்லை. எத்தனை ஹெக்டேர் வளர்ந்தது, எந்த ஆண்டுகளில் வேகமெடுத்தது, எதை விழுங்கி வளர்ந்தது என்று கணக்கோடு சொல்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். மூன்றில் கடைசிக் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேட்டில் இருந்த தரிசின் மேல் எழுந்த ஆயிரம் வீடுகளும், ஏரியின் நீர்ப்பிடிப்பில் எழுந்த ஆயிரம் வீடுகளும் பரப்பளவில் ஒன்றாகவே இருக்கும். டிசம்பர் மாதத்தில் அவை ஒன்றாக இருப்பதில்லை.

இங்கே சொல்லப்படும் வேலைக்குப் பணம் தேவையில்லை. படங்கள் இலவசம், மென்பொருளும் இலவசம். நடுத்தரமான ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் பொறுமையும் இருந்தால் ஒரு கல்லூரி மாணவரோ, குடியிருப்போர் நலச்சங்கமோ, உள்ளூர்ச் செய்தியாளரோ இதைச் செய்துவிடலாம். எடுத்துக்காட்டாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் வைத்துக்கொள்கிறேன். செய்முறை மதுரைக்கும் கோவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதுவேதான். மாதங்களை மட்டும் அந்தந்த ஊர் மழைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 1: எல்லையைக் கட்டுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று முடிவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த எல்லைக்குள், எந்தெந்த ஆண்டுகள், என்னென்ன நிலவகைகள்.

எல்லையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 2001-க்குப் பழைய எல்லையும் 2021-க்குப் புதிய எல்லையும் எடுத்தால் பாதி ‘வளர்ச்சி’ அரசாணையால் வந்ததாக இருக்கும், செங்கல்லால் வந்ததாக இருக்காது. எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே எல்லைதான். நிர்வாக எல்லையைவிட நீர்வழி எல்லை நல்லது என்பது என் கருத்து. பள்ளிக்கரணையில், சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகிறது. இந்தப் பாதை முழுவதும் எல்லைக்குள் இருக்கட்டும். ஒரு வார்டை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால், மேலே அடைத்ததன் விளைவு கீழே ஏன் வந்தது என்று புரியாது.

படி 2: எந்த செயற்கைக்கோள், எந்த ஆண்டு

பின்னோக்கிப் போக அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையை விட்டால் வேறு வழி இல்லை. 1984-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, 2011 நவம்பர் வரை படம் எடுத்தது. 2013-லிருந்து லேண்ட்சாட் 8, 2021-லிருந்து லேண்ட்சாட் 9. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இந்தச் சேமிப்பு முழுவதையும் 2008-ல் இலவசமாகத் திறந்துவிட்டது. நகர வளர்ச்சியைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு அந்த ஒரு முடிவால் வந்தது. இடையில் லேண்ட்சாட் 7 இருக்கிறது. ஆனால் 2003 மே 31-ல் அதன் ஸ்கேன் திருத்தும் கருவி பழுதானது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்புக் கோடுகளாக விடுபட்டிருக்கும். ஆகவே 2003 முதல் 2011 வரை லேண்ட்சாட் 5-ஐயே எடுங்கள். 2012-ஐத் தவிர்த்துவிடுங்கள், அந்த ஆண்டுக்குக் கோடு விழுந்த படம்தான் கிடைக்கும்.

2015-க்குப் பிந்தைய காலத்துக்கு ஐரோப்பாவின் சென்டினல் 2 கூர்மையானது. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் (படத்தின் மிகச் சிறிய கட்டம்) தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய நான்கு கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). நான்கு கிரவுண்டில் இரண்டு வீடும், ஒரு தென்னந்தோப்பும், ஒரு காலி மனையும் இருந்தால் அவை மூன்றும் கலந்து ஒரே நிறமாகத்தான் பதிவாகும். சென்டினல் 2-ல் ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், அரைக் கிரவுண்டுக்கும் குறைவு. தெருக்கள் தெரியும், பெரிய கட்டடங்கள் தனித்துத் தெரியும். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் படங்களை தேசியத் தொலையுணர்வு மையத்தின் (என்.ஆர்.எஸ்.சி.) பூநிதி தளத்தில் பெறலாம். அதன் லிஸ்-3 கருவி 23.5 மீட்டர் நுணுக்கம் கொண்டது. லேண்ட்சாட்டில் மேகம் மறைத்த ஆண்டுகளுக்கு அது கைகொடுக்கும்.

ஒரு தலைமுறைக்கு நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் போதும். தென்சென்னைக்கு 1991, 2001, 2010, 2017, 2024 போன்ற வரிசை பொருந்தும். டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது, பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரியை எட்டியது. இவை இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு படம் இருந்தால் கதை தெளிவாகும். 1990-களில் இந்தியாவின் மேல் லேண்ட்சாட் 5 எடுத்த படங்கள் குறைவு. நினைத்த ஆண்டு கிடைக்காவிட்டால் ஓராண்டு முன்னோ பின்னோ நகருங்கள்.

படி 3: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஊன்றிப் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள். நம் ஊரில் நகர வரைபடம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

மே மாதத்தில் எடுத்த படத்தில் அறுவடை முடிந்த வயல், வற்றிய ஏரிப் படுகை, கட்டட வேலைக்காகச் சமன் செய்த மனை, கான்கிரீட் கூரை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒளிரும். காய்ந்த மண்ணும் சிமென்டும் செயற்கைக்கோளின் கண்ணுக்கு நெருங்கிய உறவு. மே மாதப் படத்தை வைத்துக் கணக்கிட்டால் செங்கல்பட்டு மாவட்டத்து வயல்களில் பாதி ‘நகரம்’ ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மேகத்தால் படமே கிடைப்பது அரிது. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரைதான் பொற்காலம்: வானம் தெளிவு, ஏரிகளில் நீர் இருக்கும், வயலில் பயிர் நிற்கும், கட்டடம் மட்டும் வறண்டு தனித்துத் தெரியும்.

அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. ஒரே ஆண்டில் கிடைக்கும் மேகமற்ற படங்கள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொரு பிக்சலும் அந்த ஆண்டில் தொட்ட உச்சப் பசுமையைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஜனவரியிலும் கட்டடம், ஜூனிலும் கட்டடம். வயலோ ஏதாவது ஒரு மாதத்தில் பச்சையாகியே தீரும். அதேபோல ஆண்டில் ஒரு முறையாவது நீர் நின்ற பிக்சலைத் தனியே குறித்துக்கொண்டால், கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிப் படுகை தரிசுக் கணக்கில் சேராது.

மழையளவும் ஒத்திருக்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. அந்த ஆண்டின் படத்தை ஒரு நல்ல மழை ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டு ‘நீர்நிலைகள் அழிந்தன’ என்று எழுதினால் அது வானிலையைப் பற்றிய செய்தி, ஆக்கிரமிப்பைப் பற்றியது இல்லை.

படி 4: படங்களைத் திரட்டித் தயார்செய்யுங்கள்

இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, படங்களை இறக்கிக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறப்பது. லேண்ட்சாட்டுக்கு எர்த் எக்ஸ்ப்ளோரர் தளம், சென்டினலுக்குக் கோபர்னிகஸ் பிரவுசர். லேண்ட்சாட்டில் சென்னைக்கான பாதை எண் 142, வரிசை எண் 51. இரண்டாம் வழி கூகுளின் எர்த் எஞ்சின். படத்தை இறக்கவே வேண்டாம், கணக்கெல்லாம் அவர்கள் கணினியில் நடக்கும், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. சில வரிகள் நிரல் எழுத வேண்டியிருக்கும். ஓராண்டின் உச்சப் பசுமையைக் கணக்கிட இருபது முப்பது படங்கள் வேண்டும் என்பதால் நான் எர்த் எஞ்சினையே பரிந்துரைப்பேன். நிரல் என்றால் தயங்குகிறவர்கள் கியூஜிஐஎஸ்ஸில் பிப்ரவரிப் படம் ஒன்று, மே மாதப் படம் ஒன்று என இரண்டை வைத்துத் தொடங்கலாம்.

எந்த வழியானாலும் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்சாட்டில் ‘கலெக்‌ஷன் 2, லெவல் 2’ என்று குறித்திருப்பதையே எடுங்கள். வளிமண்டலத் தூசி, ஈரப்பதம் இவற்றின் பாதிப்பு அதில் திருத்தப்பட்டிருக்கும். அதில் இருக்கும் எண்களை 0.0000275 ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் நிலம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற உண்மையான அளவு கிடைக்கும். இதைச் செய்யாமல் குறியீடுகளைக் கணக்கிட்டால் எண்கள் பார்க்க நியாயமாகவே இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

சென்டினல் 2-ல் 2022 ஜனவரி 25-க்குப் பிறகு செயலாக்க முறை மாறி, எல்லா எண்களிலும் 1000 கூடியிருக்கிறது. முந்தைய படங்களோடு நேரடியாக ஒப்பிட்டால் ஊர் முழுவதும் ஒரே இரவில் மாறியதுபோலத் தோன்றும். எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்ற பெயரோடு இருக்கும் தொகுப்பில் இது சரிசெய்யப்பட்டிருக்கிறது.

மேகத்தையும் அதன் நிழலையும் படத்தோடு வரும் தரப் பட்டையை (எந்தப் பிக்சலில் மேகம், எதில் நிழல் என்று குறித்த அடுக்கு) கொண்டு நீக்குங்கள். நிழலை மறக்காதீர்கள். மேக நிழல் நீர்நிலைபோலக் கறுத்திருக்கும். கடைசியாக எல்லாப் படங்களையும் ஒரே வரைபட முறைக்குக் கொண்டுவாருங்கள். சென்னைக்கு யு.டி.எம். மண்டலம் 44 வடக்கு.

படி 5: மூன்று குறியீடுகள்

நம் கண் காணாத அகச்சிவப்பில்தான் நிலத்தின் அடையாளம் இருக்கிறது. பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். வெட்டவெளி மண்ணும் கான்கிரீட்டும் சிற்றலை அகச்சிவப்பில் பளிச்சிடும். இந்த மூன்று குணங்களிலிருந்து மூன்று குறியீடுகள் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றே: இரண்டு பட்டைகளின் (ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனியே பதிவான அளவு) வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது.

பசுமைக் குறியீட்டுக்கு (என்.டி.வி.ஐ.) அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும். நீர்க் குறியீட்டுக்கு (எம்.என்.டி.டபிள்யூ.ஐ.) பச்சையிலிருந்து சிற்றலை அகச்சிவப்பைக் கழிக்க வேண்டும். கட்டடக் குறியீட்டுக்கு (என்.டி.பி.ஐ.) சிற்றலை அகச்சிவப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழிக்க வேண்டும். லேண்ட்சாட் 8, 9-ல் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, சிற்றலை அகச்சிவப்பு ஆகியவை முறையே 3, 4, 5, 6-ஆம் பட்டைகள். லேண்ட்சாட் 5-ல் அவை 2, 3, 4, 5. சென்டினலில் 3, 4, 8, 11. சென்டினலின் 11-ஆம் பட்டை மட்டும் 20 மீட்டர் நுணுக்கம் கொண்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டடக் குறியீடு என்று பெயர் இருப்பதை நம்பி அதை மட்டும் வைத்து நகரத்தைப் பிரிக்க வேண்டாம். காய்ந்த மண்ணும் அதில் உயர்ந்தே நிற்கும். மூன்று குறியீடுகளின் ஆண்டு உச்சம், ஆண்டு அடி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றையும் மூலப் பட்டைகளையும் சேர்த்து அடுக்கி ஒரே படமாக்குங்கள். அந்த இடைவெளிதான் பெரிய உதவி. பயிர் நிலத்தில் பசுமையின் உச்சத்துக்கும் அடிக்கும் பெரிய தூரம் இருக்கும். கான்கிரீட்டில் இரண்டும் தாழ்ந்தே இருக்கும். சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தில் இரண்டும் உயர்ந்திருக்கும்.

படி 6: நிலவகைகளை வகுத்துக்கொள்ளுங்கள்

பாடநூல்களில் வரும் ஐந்து வகைகளை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் மண்ணில் உள்ளவற்றை எழுதுங்கள். தென்சென்னைக்கு என் பட்டியல் இது: கட்டடப் பகுதி, நிலையான நீர், பருவ நீர் (ஏரிப் படுகை, கழுவேலி என்னும் கடலோரச் சதுப்பு), சதுப்புத் தாவரம், பயிர் நிலம், தோப்பும் காடும், மணலும் வெட்டவெளியும், உப்பளம். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களைத் தனியாகப் பிரிக்காவிட்டால் அவை ஒரு படத்தில் நீராகவும் அடுத்த படத்தில் கட்டடமாகவும் மாறி மாறித் தெரியும்.

பருவ நீர் என்ற வகைக்காக நான் வாதாடுவேன். பள்ளிக்கரணை போன்ற கழுவேலிகளைப் பயனற்ற நிலம் என்று ஏடுகளில் எழுதிவைத்த வழக்கம் நீண்ட காலம் இருந்தது. எழுதியபடியே குப்பைக் கிடங்கும் சாலையும் நிறுவனங்களும் அங்கே வந்தன. 2022-ல் 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது, எஞ்சியதைக் காக்கத்தான். உங்கள் வரைபடத்தில் ‘தரிசு’ என்ற வகை ஒன்றை வைத்து அதில் ஏரிப் படுகையைப் போட்டால், அந்தப் பழைய தவறை நீங்களும் ஒருமுறை செய்கிறீர்கள்.

ஆகாயத்தாமரையையும் கவனியுங்கள். கழிவுநீர் கலந்த ஏரி ஆண்டு முழுவதும் பச்சைப் போர்வை போர்த்திக் கிடக்கும். கணினி அதைத் தோப்பு என்று சொல்லும். இப்படிப்பட்ட ஏரிகளின் கரை எல்லையைப் பழைய நிலவரைபடத்திலிருந்து கையால் வரைந்து, அதற்குள் வரும் பசுமையை நீர்நிலைக் கணக்கில் சேர்ப்பதே சரி.

படி 7: மாதிரி இடங்களைக் குறியுங்கள்

இனிக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘இது வயல், இது கூரை, இது நீர்’ என்று ஒவ்வொரு வகைக்கும் நூறு இடங்களையாவது குறித்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூலையில் குறிக்காமல் எல்லைக்குள் பரப்புங்கள். கூகுள் எர்த் மென்பொருளின் பழைய படங்களைக் காட்டும் வசதி 2000-களிலிருந்து பெரிதும் உதவும். 1991-க்கு அப்படி எதுவும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை மாறாத இடங்களைப் பிடியுங்கள்: மரத்துக்குக் கிண்டி தேசியப் பூங்கா, கட்டடத்துக்கு மயிலாப்பூரும் தியாகராய நகரும், மணலுக்குத் திருவான்மியூர்க் கடற்கரை. அதற்கும் முந்தைய நிலையைப் பார்க்க அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ளன. 1995-ல் இவற்றின் ரகசியத் தடை நீக்கப்பட்டது, எர்த் எக்ஸ்ப்ளோரரிலேயே தேடலாம். கணக்குக்கு அவை பயன்படாவிட்டாலும் சதுப்பின் பழைய விளிம்பைக் கண்ணால் காண அவற்றுக்கு நிகர் இல்லை.

கட்டட மாதிரிகளில் எல்லாக் கூரைகளும் வர வேண்டும்: கான்கிரீட் தளம், வெள்ளை அடித்த தளம், ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம். கீற்றுக் கூரையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1991-ல் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற ஊர்களில் குடியிருப்பு என்பது தென்னை நிழலில் கீற்று வேய்ந்த வீடுகளும் ஓட்டு வீடுகளும்தான். செயற்கைக்கோளுக்குக் கீற்று காய்ந்த புல், தென்னை தோப்பு. ஊரே அதன் கண்ணில் படாது. பிறகு அதே குடும்பம் அதே மனையில் தளம் போட்ட வீடு கட்டினால், வரைபடம் அதைப் ‘புதிய நகர வளர்ச்சி’ என்று குறிக்கும். தலைமுறைகளாக இருந்தவர்கள் நேற்று வந்தவர்களாகிவிடுவார்கள். இதைத் தடுக்க, பழைய நிலவரைபடங்களில் குறித்துள்ள நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) எல்லைகளை எடுத்து, 1991 வரைபடத்தில் அவற்றைக் குடியிருப்பு என்று கையால் சேர்த்துவிடுங்கள். அரை நாள் வேலை. செய்யாமல் விட்டால் வரும் பிழை பெரியது, அநியாயமானதும்கூட.

படி 8: வகைப்படுத்துங்கள்

இதைக் கணினி பார்த்துக்கொள்ளும். எர்த் எஞ்சினில் ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ முறையை (பல ‘முடிவு மரங்களின்’ வாக்கை எண்ணி வகையைத் தீர்மானிக்கும் முறை) நூறு முதல் இருநூறு மரங்களோடு ஓட்டுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் செமி ஆட்டோமேட்டிக் கிளாசிஃபிகேஷன் பிளகின் இதைச் செய்யும். முதல் முடிவு மோசமாகத்தான் இருக்கும். எங்கே தவறியது என்று பார்த்து, அந்த இடங்களில் மாதிரிகளைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். புதுப்புது முறைகளைத் தேடி அலைவதைவிட மாதிரிகளைத் திருத்துவதே பலன் தரும்.

எல்லா ஆண்டுகளும் முடிந்தபின் காலவரிசையில் ஒரு சோதனை. ஒரு பிக்சல் 2001-ல் கட்டடம், 2010-ல் வயல், 2017-ல் கட்டடம் என்று வந்தால் நடுவில் இருப்பது பெரும்பாலும் பிழை. கட்டடம் இடிந்து வயலாவது அரிது. அத்தகையவற்றை விதி எழுதித் திருத்தலாம். ஆனால் பெரிய திட்டாக இருந்தால் திருத்துவதற்கு முன் கண்ணால் பாருங்கள். சில நேரம் நிஜமாகவே இடித்திருப்பார்கள்.

படி 9: எதிலிருந்து எதற்கு

இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முதல் ஆண்டின் வகைகளை வரிசைகளாகவும் இரண்டாம் ஆண்டின் வகைகளை நெடுவரிசைகளாகவும் கொண்ட மாற்ற அட்டவணையைத் தயாரியுங்கள். லேண்ட்சாட்டில் பிக்சல் எண்ணிக்கையை 0.09 ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கிடைக்கும். ‘கட்டடப் பகுதி’ என்ற நெடுவரிசையை மேலிருந்து கீழே படியுங்கள். நகரம் எதன் மேல் வளர்ந்தது என்பதற்கான பதில் அங்கே இருக்கிறது. பயிர் நிலத்திலிருந்து எவ்வளவு, பருவ நீரிலிருந்து எவ்வளவு, தோப்பிலிருந்து எவ்வளவு. மொத்த வளர்ச்சியை மட்டும் வெளியிட்டு இந்த அட்டவணையை வெளியிடாத ஆய்வுகள் நிறைய உண்டு. பாதி வேலையோடு நின்றுவிட்டவை அவை.

அட்டவணைக்குப் பிடிபடாத ஒன்று மனைப்பிரிவு. நகரின் விளிம்பில் வயல் வீடாவது ஒரே தாவலில் நடப்பதில்லை. முதலில் உழவு நிற்கும். ஓரிரு ஆண்டு தரிசு. பிறகு மண் கொட்டி மேடாக்கி, சீப்புப் பல்போல இணையான தெருக்களைப் போட்டுக் கல் நடுவார்கள். அந்த ஆண்டுப் படத்தில் மட்டும் தெருக்கள் பளிச்சென்று தெரியும். அதன்பின் விற்ற மனைகளில் யாரும் வீடு கட்டாமல் புல்லும் சீமைக் கருவேலமும் ஏறும். கணினி இதைப் பசுமை என்று கொண்டாடும். வீடுகள் வரப் பத்தாண்டுகூட ஆகலாம். வயல் போனது வீடு வந்த ஆண்டில் இல்லை, உழவு நின்ற ஆண்டில்தான். அதைப் பிடிக்க ஆண்டுதோறும் பசுமையின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து பாருங்கள். பயிர் ஏறி இறங்கிய அலை எந்த ஆண்டில் அடங்கியதோ, அந்த ஆண்டே கணக்கு. தெருக் கோடுகளைச் சென்டினல் படத்தில் கண்ணால் பார்த்துக் கையால் வரைவதும் நல்ல வழி. இதற்குத் தானியங்கி முறையை நான் நம்புவதில்லை.

படி 10: பிழையை அளந்து சொல்லுங்கள்

தனித்தனியே 90 சதவீதம் சரியான இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டால், மாற்ற வரைபடம் 81 சதவீத அளவுக்கே சரியாக இருக்க வாய்ப்பு, 0.9 பெருக்கல் 0.9. ஆகவே மாற்ற வரைபடத்தைத் தனியே சோதிக்க வேண்டும். மாறிய பகுதியிலும் மாறாத பகுதியிலும் கணினியைக் கொண்டு குருட்டாம்போக்கில் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் கூர்மையான படத்திலோ நேரிலோ பார்த்து ‘சரி, தவறு’ என்று குறியுங்கள். கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய மாதிரிகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கற்பனையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 20,000 ஹெக்டேர். அதில் 1,000 ஹெக்டேர் கட்டடமாக மாறியது என்று வரைபடம் சொல்கிறது. மாறிய பகுதியில் 100 புள்ளிகளைச் சோதித்ததில் 80 சரி. மாறாத பகுதியில் 300 புள்ளிகளைச் சோதித்ததில் 3 உண்மையில் மாறியவை. அப்படியானால் உண்மையான மாற்றம் 1,000-ல் 80 சதவீதம், அதாவது 800. அதோடு 19,000-ல் ஒரு சதவீதம், 190. கூட்டினால் 990 ஹெக்டேர். வரைபடம் சொன்ன 1,000-க்கு அருகில் இருக்கிறதே என்று நிம்மதி அடையலாம். ஆனால் 95 சதவீத நம்பிக்கையில் இதன் பிழை எல்லை சுமார் 228 ஹெக்டேர், கூடவும் குறையவும். அந்தப் பிழையில் பெரும்பங்கு வருவது மாறாத பகுதியில் தவறிய வெறும் மூன்று புள்ளிகளிலிருந்து. பரப்பு பெரிது என்பதால் அங்கே ஒரு புள்ளி தவறினாலும் 63 ஹெக்டேர் அசைகிறது. எனவே மாறாத பகுதியில் புள்ளிகளைக் கூட்டுங்கள். வெளியிடும்போது ‘990, கூட்டியோ குறைத்தோ 228’ என்றே எழுதுங்கள். அப்படி எழுதிய எண்ணை அதிகாரிகளோ வழக்கறிஞரோ எளிதில் தட்டிவிட முடியாது.

படி 11: களத்துக்குப் போங்கள், ஏடுகளைப் புரட்டுங்கள்

ஐயமான இடங்களின் பட்டியலோடு நேரில் செல்லுங்கள். கைபேசியில் இடக்குறிப்போடு நான்கு திசையிலும் படமெடுங்கள். ஏரிகளில் கரையை மட்டும் பார்த்துவிட்டு வராமல், மதகு எங்கே, கலங்கல் எங்கே, உபரி நீர் போன வாய்க்கால் இப்போது எந்தத் தெருவுக்கு அடியில் இருக்கிறது என்று பாருங்கள். வாய்க்கால் பெரும்பாலும் பத்து மீட்டருக்கும் குறைந்த அகலம். எந்த இலவசப் படத்திலும் அது ஒழுங்காகத் தெரியாது, ஊரை மூழ்கடிப்பதோ அது அடைபட்டதுதான். வயல்களுக்கு ஏரி நீரைப் பிரித்துவிட்ட பழைய நீர்க்கட்டியோ, அந்த ஏரியின் ஆயக்கட்டில் பயிரிட்ட விவசாயியோ ஒருவர் கிடைத்தால் உங்கள் வரைபடத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். வழித்தடங்களை அவர் விரலால் காட்டுவார்.

படம் காட்டுவது நிலத்தின் மேற்பரப்பை. அதன் உரிமையும் வகைப்பாடும் வருவாய்த்துறை ஏடுகளில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையையும் உரிமையையும் குறித்த ஏடு) புலப்படத்தையும் (புலத்தின் அளவு வரைபடம்) அரசின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். கட்டடம் எழுந்த இடம் பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா, மேய்க்கால் புறம்போக்கா என்று அதில் தெரியும். இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை எழுதவே எழுதாதீர்கள்.

எழுதும்போதும் ஒன்றை மறவாதீர்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களின் அடுக்குமாடித் தொகுப்புகள் படத்தில் மிகத் தெளிவாகத் தெரியும். அங்கே இருப்பவர்கள் தாமாகத் தேடி வந்தவர்கள் அல்லர், நகரின் நடுவிலிருந்து அரசால் குடியமர்த்தப்பட்டவர்கள். பெரிய நிறுவன வளாகமும் குடிசை வரிசையும் ஒரே சிவப்பில் நிற்கும் வரைபடம் கையில் கிடைத்தால் முதலில் இடிபடுவது குடிசைதான். தனி வீடுகள் அடையாளம் தெரியாத அளவுக்கு வரைபடத்தைத் திரட்டி வெளியிடுங்கள். யார் அனுமதித்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 12: மக்கள்தொகையோடும் வெள்ளத்தோடும் பொருத்துங்கள்

நிலம் விரிந்த வேகத்தையும் மக்கள் பெருகிய வேகத்தையும் ஒப்பிடுவது ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்ற குறியீடு. நிலம் விரிந்த ஆண்டு விகிதத்தை மக்கள் பெருகிய ஆண்டு விகிதத்தால் வகுத்து வரும் எண் ஒன்றைத் தாண்டினால், ஆள் பெருகுவதைவிட வேகமாக நிலம் போகிறது என்று பொருள். 2011-க்குப் பிந்தைய மக்கள்தொகைக்கு மதிப்பீடுகளையே நம்ப வேண்டியிருக்கும் என்பதால் அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் வெள்ளத்தையும் மேலே பொருத்திப் பார்க்கச் சென்டினல் 1 ரேடார் படங்கள் உதவும். ரேடார் மேகத்தை ஊடுருவும், தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை நீரை மறைத்துவிடும். வேளச்சேரியின் தெருக்கள் ரேடாரில் காய்ந்து தெரிந்தால் அங்கே வெள்ளம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. உங்கள் மாற்ற அட்டவணையில் பருவ நீரிலிருந்து கட்டடமாக மாறிய பிக்சல்களை எடுத்து, நீர் தேங்கியதாக வெள்ளத்தின்போது மக்கள் பதிவுசெய்த இடங்களோடு ஒப்பிடுவது இன்னும் நம்பகமானது.

ஆயத்தமாகக் கிடைப்பவை

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் ஆயத்த வரைபடங்கள் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் உலகக் குடியிருப்பு வரைபடத் தொகுப்பான ஜி.எச்.எஸ்.எல். 1975 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடப் பரப்பைத் தருகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்டுகவர் 2020, 2021 ஆண்டுகளுக்கு 10 மீட்டர் நுணுக்கத்தில் இருக்கிறது. கூகுளின் டைனமிக் வேர்ல்டு ஒவ்வொரு சென்டினல் படத்துக்கும் ஒன்பது வகைகளில் உடனுக்குடன் வரைகிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளின் நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் உள்ளன. உலகத்துக்கே பொதுவாகச் செய்தவை நம் கழுவேலியையும் உப்பளத்தையும் அறியா. உங்கள் வரைபடத்தைச் சரிபார்க்க இவை நல்ல துணை, அதற்குப் பதிலாக வைக்கப் போதாதவை.

கோப்பில் வைக்க வேண்டியவை

வேலை முடிந்ததும் ஒரு கோப்புறையில் இவை இருக்கட்டும்: எல்லைக் கோப்பு, பயன்படுத்திய ஒவ்வொரு படத்தின் எண்ணும் தேதியும், மாதிரி இடங்கள், சோதனைப் புள்ளிகள், நிரல், ஒவ்வொரு நிலவகைக்கும் ஒரு வரி விளக்கம், கையால் திருத்திய இடங்களின் பட்டியல். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நத்தத்தைச் சேர்த்ததையும் ஏரிக்கரையை வரைந்ததையும் எழுதிவைக்காவிட்டால் அடுத்தவர் அதே எண்ணுக்கு வந்து சேர முடியாது. எல்லாம் இருந்தால், அடுத்த ஆண்டு மார்ச் முடிந்ததும் புதிய படங்களைச் சேர்த்து, மாதிரிகளில் மாறியவற்றை மட்டும் திருத்தி, ஓரிரு நாளில் புதிய ஆண்டைக் கணக்கில் ஏற்றிவிடலாம்.